ஒரே பனி, மூன்று தலைவர்கள்: முடிவெடுக்கும்போது குணம் என்ன செய்கிறது?

1909 ஜனவரி 9. தென் துருவத்துக்கு இன்னும் 97 கடல் மைல், அதாவது ஏறக்குறைய 180 கிலோமீட்டர்தான் பாக்கி. அதற்கு முன் எந்த மனிதரும் அவ்வளவு தெற்கே போனதில்லை. எர்னஸ்ட் ஷாக்கிள்டனும் அவரோடு வந்த மூன்று பேரும் அந்த இடத்தில் கொடியை நட்டார்கள், ஒரு படம் எடுத்துக்கொண்டார்கள், திரும்பி நடந்தார்கள். பிடிவாதமாகப் போயிருந்தால் துருவத்தை எட்டியிருக்கலாம். ஆனால் திரும்பி வரச் சாப்பாடு இருந்திருக்காது. ஊருக்கு வந்த பிறகு மனைவி எமிலியிடம் அவர் இப்படிச் சொன்னார்: செத்துப்போன சிங்கத்தைவிட உயிரோடு இருக்கும் கழுதை உனக்கு மேல் என்று நினைத்தேன்.

மூன்று வருடம் கழித்து ராபர்ட் ஸ்காட் அதே பாதையில் போனார். துருவத்தை எட்டினார், திரும்பும் வழியில் நான்கு தோழர்களோடு இறந்துபோனார். அதே பருவத்தில் வேறு வழியாகப் போன நார்வேக்காரர் ரோல்டு அமுன்ட்சன் ஸ்காட்டுக்கு ஐந்து வாரம் முன்பே துருவத்தைத் தொட்டு, ஓர் ஆளைக்கூட இழக்காமல் முகாமுக்குத் திரும்பிவிட்டார்.

ஆளுக்கு ஆள் முடிவெடுக்கும் விதம் ஏன் மாறுகிறது என்று யோசிக்கும்போதெல்லாம் எனக்கு இந்த மூவரின் நினைவுதான் வரும். மூவருக்கும் ஒரே குளிர். அறிவிலோ துணிச்சலிலோ யாரும் குறைந்தவர் இல்லை. கூடவே, அன்றாடம் நடந்ததை அவர்களும் உடன் போனவர்களும் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார்கள். ஒரு முடிவு பிறந்த கணத்தில் யார் எதைப் பார்த்தார்கள், எதைப் பார்க்கவில்லை என்பது இவ்வளவு விவரமாக வேறு எங்கும் எளிதில் கிடைக்காது.

இவற்றைப் படித்து நான் புரிந்துகொண்டது இதுதான். முடிவெடுக்கும்போது எல்லோரும் லாப நஷ்டத்தைக் கூட்டிக் கழித்துத்தான் பார்க்கிறோம். ஆனால் எந்த நஷ்டத்தைத் தாங்கிக்கொள்ளலாம், எதைத் தாங்கவே முடியாது என்ற எடைக்கற்களைக் குணம் முன்கூட்டியே வைத்துவிடுகிறது. தராசு எல்லோருக்கும் ஒன்றுதான், எடைக்கல் வேறு.

குணத்தை உளவியலாளர்கள் எப்படி அளக்கிறார்கள் என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1936-ல் கோர்டன் ஆல்போர்ட், ஹென்றி ஆட்பெர்ட் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் ஒரு பெரிய ஆங்கில அகராதியை எடுத்து உட்கார்ந்தார்கள். ஒரு மனிதரை இன்னொருவரிடமிருந்து வேறுபடுத்திச் சொல்லப் பயன்படும் சொற்களை எல்லாம் பொறுக்கினார்கள். ஏறக்குறைய 18,000 சொற்கள் தேறின. பின்னால் வந்தவர்கள் அந்தக் குவியலைப் பிரித்துப் பார்த்தார்கள். ஒருவரைப் பற்றிச் சொல்லும்போது சேர்ந்தே வருகிற சொற்களைக் கூட்டம் கூட்டமாகக் கட்டியபோது ஐந்து பெரிய கூட்டங்கள் திரும்பத் திரும்ப வந்தன. புதியதை நாடும் மனம், ஒழுங்கும் பொறுப்பும், கலகலப்பு, பிறருக்காக இளகும் தன்மை, எளிதில் கலங்கும் தன்மை. இந்த ஐந்துமே உயரம் மாதிரிதான். பெரும்பாலோர் நடுவில் இருப்பார்கள், ஓரங்களில் கொஞ்சம் பேர் இருப்பார்கள். அதனால்தான், ஆட்களை ‘நீ இந்த டைப், அவர் அந்த டைப்’ என்று பெட்டி பெட்டியாகப் பிரிக்கும் சோதனைகளை நான் நம்புவதில்லை. உயரத்தில் நடுவே ஒரு கோடு போட்டு, அதற்கு ஒரு சென்டிமீட்டர் மேலே இருப்பவரை நெட்டை என்றும் கீழே இருப்பவரைக் குட்டை என்றும் சொன்னால் எப்படி இருக்கும்?

குணம் வெறும் பேச்சு நடையில் தெரிகிற விஷயம், முடிவெடுப்பது மூளையின் கணக்கு என்று நாம் பிரித்துப் பார்ப்பது வழக்கம். நரம்பியல் மருத்துவர் அன்டோனியோ டமாசியோ விவரித்த ஒரு நோயாளி அந்தப் பிரிவினையைக் கலைத்துவிடுகிறார். அவருக்கு மூளையின் முன்பகுதியில், உணர்ச்சியையும் சிந்தனையையும் இணைக்கும் இடத்தில், சேதம். அறிவுக்கூர்மை அப்படியே இருந்தது. அடுத்த முறை எந்தத் தேதியில் வருகிறீர்கள் என்று இரண்டு தேதிகளைச் சொல்லிக் கேட்டார்கள். அவர் நாட்குறிப்பை எடுத்து வைத்துக்கொண்டு அரை மணி நேரம் போல அலசினார். அன்றைக்கு வேறு வேலை இருக்குமா, வானிலை எப்படி இருக்கும் என்று ஒவ்வொரு காரணமாக அடுக்கினாரே தவிர, ஒரு தேதியைத் தேர்ந்தெடுக்க அவரால் முடியவில்லை. ‘இது எனக்கு முக்கியம், அது பரவாயில்லை’ என்று உள்ளுக்குள் தட்டுகிற உணர்வு அவருக்கு இல்லை. அந்தத் தட்டல் இல்லாவிட்டால் கணக்கு எங்கேயும் போய் நிற்காது. நமக்கெல்லாம் அது இருக்கிறது. ஆளுக்கு ஆள் அது தட்டுகிற இடம்தான் வேறு.

ஸ்காட்டுக்கு அது எங்கே தட்டியது?

1911 பிப்ரவரி. துருவப் பயணம் தொடங்க இன்னும் எட்டு மாதத்துக்கு மேல் இருக்கிறது. திரும்பி வரும்போது சாப்பிட உணவும் எரிபொருளும் வழியில் புதைத்து வைக்க வேண்டும். தெற்கு அட்சரேகை 80 பாகையில் ஒரு பெரிய கிடங்கு போடுவது என்று திட்டம். சுமையை இழுத்து வந்தவை மஞ்சூரியக் குதிரைகள். குளிரில் அவை நொந்து போய்விட்டன. குதிரைகளைப் பார்த்துக்கொண்ட லாரன்ஸ் ஓட்ஸ் ஒரு யோசனை சொன்னார். இயன்றவரை ஓட்டிப் போவோம், முடியாத குதிரையைச் சுட்டு அந்த இறைச்சியையும் கிடங்கில் வைத்துவிடலாம் என்றார். ஸ்காட் மறுத்தார். விலங்குகளுக்கு இழைத்த கொடுமை போதும், இனியும் என்னால் முடியாது என்பதுதான் அவர் பதில். பின்னால் நீங்கள் இதற்கு வருந்துவீர்கள் என்று ஓட்ஸ் சொன்னதாகப் பதிவு இருக்கிறது. கிடங்கு 79 பாகை 29 கலையில் (ஒரு பாகைக்கு 60 கலை), திட்டமிட்ட இடத்துக்கு 31 கடல் மைல் வடக்கே அமைந்தது. ஒரு டன் கிடங்கு என்று அதற்குப் பெயர்.

1912 மார்ச் கடைசியில் ஸ்காட்டின் கூடாரம் நின்ற இடம் அந்தக் கிடங்குக்கு 11 மைல் தெற்கே. கிடங்கு 80 பாகையில் இருந்திருந்தால் அவர்கள் அதை ஏற்கெனவே தாண்டி வந்திருப்பார்கள். ஓட்ஸ் அதற்குச் சில நாள் முன்பே, தன்னால் மற்றவர்கள் தாமதப்படக் கூடாது என்று பனிப்புயலுக்குள் நடந்து போய்விட்டிருந்தார்.

இதைப் படிக்கும்போது ஸ்காட்டின் மேல் எனக்குக் கோபம் வருவதில்லை. விலங்கின் வலியைப் பார்த்துத் தாங்க முடியாதவர் என்பது கெட்ட குணமா என்ன? பத்து வருடம் முன்பு முதல் அண்டார்டிக் பயணத்தில் நாய்கள் ஒவ்வொன்றாகச் சாவதை அவர் கண்ணால் பார்த்திருந்தார். மனிதர்கள் தங்கள் சொந்த பலத்தில் இழுத்துப் போவதில் ஒரு மேன்மை உண்டு, நாய்களை வைத்துப் போகும் பயணம் அதற்கு ஈடாகாது என்று அதன்பின் எழுதினார். அந்த இளகிய மனசு பிப்ரவரி மாதத்துப் பனியில் அவர் சார்பில் முடிவெடுத்தது. கண்ணெதிரே துடிக்கும் குதிரையின் வலி பெரிதாகத் தெரிந்தது. ஒரு வருடம் கழித்து வரக்கூடிய பசி மங்கலாகத் தெரிந்தது. கடைசியில் குதிரைகளும் தப்பவில்லை. அந்தக் கிடங்குப் பயணத்துக்குக் கொண்டுபோன எட்டில் இரண்டுதான் பிழைத்தன. துருவப் பயணத்தில் மிஞ்சியவற்றையும் பியர்ட்மோர் பனியாற்றின் அடியில் சுட வேண்டியதாயிற்று.

அவருடைய இன்னொரு முடிவும் புகழ்பெற்றது. கடைசிக் கட்டத்துக்கு நான்கு பேர் என்றுதான் ஏற்பாடு. கூடாரம் நால்வருக்கானது, உணவுப் பொட்டலங்களும் நால்வர் கணக்கு. 1912 ஜனவரி தொடக்கத்தில், துருவத்துக்கு 150 மைல் சுமார் இருக்கும்போது, ஐந்து பேராகப் போவோம் என்று ஸ்காட் மாற்றிக்கொண்டார். ஐந்தாவதாகச் சேர்ந்த பவர்ஸ் தன் பனிச்சறுக்குக் கட்டைகளைச் சில நாள் முன்புதான் வழியில் விட்டிருந்தார். மற்றவர்கள் சறுக்கிப் போக, அவர் நடந்தே போனார். ஐந்து பேருக்குச் சமைக்க நாளுக்கு அரை மணி நேரம் கூடுதலாகிறது என்று ஸ்காட்டே இரண்டு நாள் கழித்து எழுதுகிறார். ஒருவரைக் கழற்றிவிட மனம் வரவில்லை, அந்தப் பெருமையை இன்னொருவருக்கும் கொடுக்க நினைத்தார் என்பது ஒரு விளக்கம். அவருடைய மற்ற முடிவுகளோடு அது பொருந்தத்தான் செய்கிறது.

அமுன்ட்சன் நேர் எதிர். 52 நாய்களோடு கிளம்பினார், 11 நாய்களோடு திரும்பினார். எந்த இடத்தில் எத்தனை நாய்களைக் கொன்று மற்ற நாய்களுக்கும் ஆட்களுக்கும் உணவாக்குவது என்பது கிளம்பும் முன்பே கணக்கில் இருந்தது. பீடபூமியின் மேல் ஏறிய இடத்தில் ஒரே நாளில் 24 நாய்கள். அவருக்கு இதயமே இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். அன்றைக்குக் கூடாரத்துக்குள் உட்கார்ந்து, துப்பாக்கிச் சத்தம் காதில் விழாமல் இருக்க அடுப்பை வேகமாகப் பம்ப் அடித்து இரைச்சல் உண்டாக்கினார் என்று அவரே எழுதியிருக்கிறார். வலி அவருக்கும் இருந்தது. அது அவருடைய தராசில் கனக்கவில்லை, அவ்வளவுதான்.

அவருக்குக் கனத்தது வேறொன்று. 1909-ல் வட துருவத்தைத் தொட்டுவிட்டோம் என்று அமெரிக்கர்களான குக்கும் பியரியும் அறிவித்தபோது, வட துருவத்துக்கே தயாராகிக்கொண்டிருந்த அமுன்ட்சன் சத்தமில்லாமல் தெற்கே திரும்பிவிட்டார். கடன் கொடுத்தவர்களுக்குத் தெரியாது, கப்பலில் வந்த பெரும்பாலோருக்கும் தெரியாது. 1910 செப்டம்பரில் மடைரா தீவில்தான் ஆட்களிடம் உண்மையைச் சொன்னார். ஸ்காட்டுக்கு மெல்போர்னில் ஒரு வரித் தந்தி போய்ச் சேர்ந்தது. இரண்டாவதாக வருவதைத்தான் அவரால் தாங்க முடியாது.

திட்டமிடுதலில் அவரை மிஞ்ச ஆளில்லை என்று எல்லோரும் எழுதுவார்கள். உண்மைதான். 80, 81, 82 பாகைகளில் கிடங்குகள் போட்டார். பனிமூட்டத்தில் வழி தவறினாலும் கண்ணில் படும்படி, பாதைக்குக் குறுக்கே கிழக்கு மேற்காகக் கிலோமீட்டர் கணக்கில் கொடிகள் நட்டார். ஆனால் இதே மனிதர்தான் 1911 செப்டம்பர் 8 அன்று, குளிர்காலம் முழுதாக முடியும் முன்பே, தோழர்கள் எச்சரித்தும் கேட்காமல் கிளம்பியவர். ஸ்காட் முந்திவிடுவாரோ என்ற பதற்றம் அவ்வளவு நாள் போட்ட கணக்கை எல்லாம் தள்ளிவிட்டது. வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே 56 டிகிரி செல்சியஸ்வரை போனது. திரும்பியே ஆக வேண்டியதாயிற்று. அந்தத் திரும்பலின் கடைசி நாளில் வேகமான நாய் வண்டிகள் முன்னால் ஓடிவிட, உறைந்த கால்களோடு தடுமாறிய பிரஸ்த்ருத் என்ற இளைஞரை யால்மர் யோஹான்சென்தான் இருட்டில் முகாமுக்குக் கொண்டுவந்து சேர்த்தார். ஆட்களைப் பின்னால் விட்டுவிட்டு முன்னால் ஓடியது சரியா என்று மறுநாள் காலை எல்லோர் முன்னாலும் யோஹான்சென் தலைவரைக் கேட்டுவிட்டார். அமுன்ட்சன் அவரைத் துருவக் குழுவிலிருந்தே நீக்கினார். நார்வேயின் புகழ்பெற்ற துருவப் பயணி நான்சென்னோடு வடக்கே 86 பாகைக்கு மேல் போய் வந்த பெரிய அனுபவசாலி அவர். ஊர் திரும்பி 1913 ஜனவரியில் தற்கொலை செய்துகொண்டார்.

துருவத்தில் அமுன்ட்சனை ஜெயிக்க வைத்த குணமும், செப்டம்பரில் அவசரப்பட வைத்த குணமும், யோஹான்செனை ஒதுக்கித் தள்ளிய குணமும் எனக்கு ஒன்றாகவே தெரிகின்றன. முந்திக்கொள்ள வேண்டும், தன் பிடி தளரக் கூடாது. குணங்களை நல்லது கெட்டது என்று இரண்டு கூடையில் போடும் வழக்கம் இங்கே உதவவில்லை.

சரி, ஷாக்கிள்டன் அப்படியானால் எச்சரிக்கையான ஆளா? 97 மைலில் திரும்பியவரை அப்படித்தான் நினைக்கத் தோன்றும். அவருடைய பண விவகாரங்களைப் பார்த்தால் தலை சுற்றும். புகையிலைக் கம்பெனி, சேகரிப்பாளர்களுக்குத் தபால் தலை விற்கும் திட்டம், ஹங்கேரியில் தங்கச் சுரங்கம் என்று ஒன்று மாற்றி ஒன்றில் இறங்கினார், எதுவும் ஓடவில்லை. 1922-ல் இறந்தபோது கடன் 40,000 பவுண்டு. ஆட்களைச் சேர்ப்பதிலும் எடுத்தேன் கவிழ்த்தேன்தான். 1914-ல் அண்டார்டிகாவுக்குக் கிளம்பிய எண்டூரன்ஸ் கப்பலுக்கு இயற்பியலாளராக வந்த ரெஜினால்டு ஜேம்ஸிடம் நேர்காணலில், பாட வருமா என்று கேட்டாராம். சில நிமிடங்களில் வேலை கொடுத்துவிட்டார்.

இந்த முரண்பாட்டுக்கு ஆராய்ச்சியில் நல்ல விளக்கம் இருக்கிறது. 2002-ல் உளவியலாளர் எல்கே வெபரும் அவருடன் பணியாற்றியவர்களும் துணிந்து இறங்கும் குணத்தைப் பணம், உடல்நலம், பொழுதுபோக்கு, சமூக உறவு, அறம் என்று தனித்தனியாகப் பிரித்து அளந்தார்கள். ஒன்றில் துணிகிறவர் மற்றொன்றிலும் துணிவார் என்று சொல்ல முடியவில்லை. இன்னொன்றும் தெரிந்தது. துணிகிறவர்கள் ஆபத்து என்று தெரிந்தும் அதில் ஆசையாக விழுகிறவர்கள் இல்லை. பெரும்பாலும் அந்த இடத்தில் அவர்களுக்கு ஆபத்து சின்னதாகவும் பலன் பெரிதாகவும் தெரிகிறது. நமக்கும் அப்படி ஒருவரைத் தெரிந்திருக்கும். ஹெல்மெட் இல்லாமல் பைக்கில் பஸ்ஸுக்கும் லாரிக்கும் நடுவே புகுந்து போவார், சம்பளப் பணத்தை மட்டும் ஃபிக்சட் டெபாசிட்டைத் தவிர வேறெதிலும் போட மாட்டார். அவரிடம் போய் ‘நீ துணிச்சல்காரனா, பயந்தவனா’ என்று கேட்டால் என்ன பதில் வரும்?

ஷாக்கிள்டனுக்குப் பணம் போவது ஒரு பொருட்டில்லை. தன்னை நம்பி வந்தவர் சாவதுதான் தாங்க முடியாதது. 1915-ல் எண்டூரன்ஸ் பனியில் நசுங்கிய பிறகு அவர் எடுத்த முடிவுகளை எல்லாம் இந்த ஒரு கல்லை வைத்தே புரிந்துகொள்ளலாம். பிரச்சினை பண்ணக்கூடிய ஆட்களைத் தூர வைப்பதுதான் எல்லோருக்கும் இயல்பு. அவர் அவர்களைத் தன் பக்கத்திலேயே வைத்துக்கொண்டார். படப்பிடிப்பாளர் ஹர்லி அவருடைய கூடாரத்தில். முன்பு கட்டளையை எதிர்த்து நின்ற தச்சர் மெக்னிஷ், உதவி தேடிக் கடலைக் கடந்த சிறு படகில் அவரோடு. கப்பலில் போன 28 பேரும் உயிரோடு திரும்பினார்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். நடந்து முடிந்ததைத் தெரிந்துகொண்டு உட்கார்ந்து, ஜெயித்தவரின் குணம் சரி, தோற்றவரின் குணம் தப்பு என்று எழுதுவது மிகச் சுலபம். 1988-ல் ஜொனாதன் பேரனும் ஜான் ஹெர்ஷியும் ஒரு சோதனை செய்தார்கள். ஒரே அறுவைச் சிகிச்சை முடிவு, ஒரே தகவல்கள். நோயாளி பிழைத்தார் என்று கேள்விப்பட்டவர்கள் மருத்துவர் நன்றாக முடிவெடுத்தார் என்றார்கள். இறந்தார் என்று கேள்விப்பட்டவர்கள் மதிப்பெண்ணைக் குறைத்தார்கள். ஸ்காட் விஷயத்தில் பல பத்தாண்டுகளாக நடப்பது இதுதான். ஒரு காலத்தில் அவர் மாவீரர், பிறகு திறமையற்றவர். வளிமண்டல விஞ்ஞானி சூசன் சாலமன் 2001-ல் பழைய வானிலைப் பதிவுகளைத் தேடி எடுத்து, 1912 மார்ச்சில் ஸ்காட் திரும்பி வந்துகொண்டிருந்த பனித்தட்டின் குளிர் வழக்கத்தைவிட மிகக் கடுமையாக இருந்தது என்று காட்டினார். வழக்கமான மார்ச் மாதமாக இருந்திருந்தால் இதே ஸ்காட், இதே முடிவுகளோடு, பிழைத்து வந்திருக்க வாய்ப்புண்டு. அப்போது அவருடைய இளகிய மனசைத் தலைமைப் பண்பு என்று பாராட்டியிருப்போம். அமுன்ட்சனின் முகாமும் கடலில் மிதக்கும் பனித்தட்டின் விளிம்பில்தான் இருந்தது. அது உடைந்து போயிருந்தால் கதை வேறு.

ஆய்வுக்கூடத்திலும் இந்தக் குழப்பம் உண்டு. 2017-ல் வெளியான ஓர் ஆய்வில் 1,507 பேரிடம் 39 விதமாகத் துணிச்சலை அளந்தார்கள். தங்கள் குணம் பற்றி அவர்கள் சொன்ன பதில்கள் ஒன்றோடொன்று ஓரளவு பொருந்தின, மாதங்கள் கழித்தும் மாறவில்லை. ஆனால் சூதாட்டம் போன்ற சின்னச் சின்ன விளையாட்டுகளில் அவர்கள் நடந்துகொண்ட விதம் விளையாட்டுக்கு விளையாட்டு மாறியது. எனக்கு இது ஆச்சரியமாக இல்லை. பத்து நிமிட விளையாட்டில் யாருக்கும் தாங்க முடியாத இழப்பு எதுவும் இல்லை. எடைக்கல் வெளியே வருவதற்கு அங்கே வேலையே கிடையாது. வீடு வாங்கும்போது, வேலையை விடும்போது, அப்பாவுக்கு ஆபரேஷன் வேண்டுமா வேண்டாமா என்று டாக்டர் கேட்கும்போதுதான் அது வெளியே வரும். அண்ணன் செலவைப் பற்றிப் பேசுவார், தங்கை அப்பாவின் வலியைப் பற்றிப் பேசுவாள், இன்னொருவர் ஊர் என்ன சொல்லும் என்று பேசுவார். மூன்று பேரும் மற்றவர்களுக்குப் புரியவில்லை என்று நினைப்பார்கள். ஒருவர் இளகிய மனசுக்காரர், ஒருவர் கறார் என்று பட்டம் கட்டுவதைவிட, இவருக்கு இதில் எது தாங்க முடியாதது என்று கேட்டுப் பார்த்தால் பேச்சு கொஞ்சம் நகரும். என் அனுபவத்தில் நகர்ந்திருக்கிறது.

அப்புறம், நம் குணத்தை நாம் மட்டும் சுமப்பதில்லை. கூட இருப்பவர்கள் அதைப் படித்துவைத்துக்கொண்டுதான் தங்கள் முடிவுகளை எடுக்கிறார்கள். 97 மைலில் திரும்பி நடந்த அந்த 1909 பயணத்தில், ஜனவரி 31 அன்று, பிராங்க் வைல்டு வயிற்றுப்போக்கில் சோர்ந்து கிடந்தார். காலைச் சாப்பாட்டில் தனக்கு வந்த ஒரே பிஸ்கட்டை ஷாக்கிள்டன் அவர் கையில் திணித்தார். ஆயிரக்கணக்கான பவுண்டு கொடுத்தாலும் அந்த பிஸ்கட்டை வாங்கியிருக்க முடியாது என்று வைல்டு அன்று நாட்குறிப்பில் எழுதினார். 1914-ல் ஷாக்கிள்டன் கூப்பிட்டபோது அவருக்கு அடுத்த நிலைத் தலைவராகப் போனார். 1921-ல் மறுபடியும் போனார். அந்தப் பயணத்தில் தெற்கு ஜார்ஜியாவில் ஷாக்கிள்டன் மாரடைப்பால் இறந்தபோது மீதிப் பயணத்தை வைல்டுதான் நடத்தி முடித்தார். 2011 நவம்பரில் வைல்டின் அஸ்தியைத் தெற்கு ஜார்ஜியாவுக்குக் கொண்டுபோய், ஷாக்கிள்டனின் கல்லறைக்கு வலப்பக்கத்தில் புதைத்தார்கள்.